சாய்ந்த வெளிச்சம்

லக்ஸரின் மேற்குக் கரையில்
தொல்பொருள் கிடங்கில் எனக்குப் பதிவேட்டு வேலை.
பெயர் இன்ஸாஃப். நியாயம் என்று பொருள்.
சம்பளம் மூன்றாம் நிலை எழுத்தருக்கு உள்ளது.

பெட்டி எண் நூற்றுப் பதினான்கில்
நீல மெருகிட்ட சிறு பதுமைகள், நாற்பத்தொன்று.
நான்தான் எண்ணினேன், இரண்டு முறை,
பள்ளியில் வருகை எடுப்பதுபோல
ஒவ்வொன்றின் தலையிலும் விரல் வைத்து.
இயக்குநர் ஷௌகத் வந்துபோன வியாழனுக்குப் பின்
முப்பத்தெட்டு.
"எண்ணும்போது பிழை வரும், மகளே" என்றார்.
அவரைவிட எனக்கு இரண்டு வயது அதிகம்.
"திருத்தி எழுது. மை அரசாங்கத்தினுடையது."
பிளேடால் சுரண்டினேன், தூளை ஊதினேன்,
திருத்தினேன்.

சாபத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.
கண்டுபிடித்தவர் என்றால்,
சுவரில் மூவாயிரம் ஆண்டாகச் சும்மா கிடந்ததற்கு
ஒலிபெருக்கி வைத்தவர்.
தானியக் களஞ்சிய மேலாளன் ஒருவனின் கல்லறை அது.
வாசலில் வெட்டியிருந்தது:
இங்கிருந்து ஒரு மணி கோதுமை எடுப்பவனும்
இருட்டில் தன் பெயரை மறப்பான்,
மணலில் ஊர்வது அவன் குதிகாலை அறியும்.
பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வாசித்துக் காட்டினார்.
பிறகு அந்தியானால் கூலியாட்கள் அந்தப் பக்கம் போகவில்லை.
லாரி போயிற்று,
விளக்கை அணைத்துக்கொண்டு.

பழி ஓரிடம்; குதிகால் வேறிடம்.
இரவுக் காவலன் தர்தீரி,
செருப்புக்கு முன்பணம் கேட்டு மூன்று மனு போட்டவன்
(மூன்றும் என் மேசை வழியாகத்தான் போயின),
ஆகஸ்டில் ஒரு ராத்திரி தேளை மிதித்தான்.
மஞ்சள் தேள், நடுவிரல் நீளம்கூட இல்லை.
லாரி அன்றும் வெளியே போயிருந்தது.
கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

மருத்துவமனைப் பதிவேட்டில்
விஷமுறிவு மருந்து அறுபது குப்பி.
பெற்றுக்கொண்ட முத்திரை, கையெழுத்து, தேதி,
ஒரு குறையும் இல்லை.
குளிர்பெட்டியில்
பாதித் தர்பூசணியும் யாருடைய தயிரோ ஒரு கிண்ணமும்.
தன்மேல் தப்பில்லை என்று செவிலி
பதிவேட்டை விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள்.
தர்தீரிக்கு எழுத்து தெரியாது. இருந்தும்
மூச்சுக்கு அலைந்தபடி
அவனும் அந்தப் பக்கத்தைப் பார்த்தான்.

சனிக்கிழமைப் பேப்பரில்
'சாபம் கொண்ட முதல் பலி.'
அதை என்னிடம் நீட்டி அவன் மனைவி ஸகீனா கேட்டாள்:
"இவர் எதை எடுத்தார்?"

ஷௌகத்துக்குக் கெய்ரோவில் பதவி உயர்வு.
ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்று கேள்வி.

குளிர்காலத்தில் சுவரைச் சுத்தம் செய்ய
அஸ்யூத்திலிருந்து தவாத்ரோஸ் வந்தார்.
விளக்கை நேராகப் பிடிக்கவில்லை,
கன்னத்தோடு கன்னம் வைப்பதுபோல் சுவரோடு சாய்த்தார்.
களஞ்சியக்காரனின் பெயருக்கு அடியில்
சுரண்டிய பள்ளமாக
இன்னொரு பெயர் எழுந்து வந்தது.
"வேறு எவனோ கட்டியது இது," என்றார்.
"பெயரைச் செதுக்கி எடுத்து, சாந்து பூசி,
இவன் குடியேறியிருக்கிறான்."
"அப்படியானால் சாபம்?"
"புதுச் சாந்தின் மேல் இருக்கிறதே. இவன் எழுதியதுதான்."
அவர் சிரித்தார்.
விளக்கை இன்னும் கொஞ்சம் பிடியுங்கள் என்றேன்.

அன்று எல்லோரும் போன பிறகு
பெட்டி நூற்றுப் பதினான்கின் பக்கத்தைத் திறந்தேன்.
தர்தீரியின் டார்ச் என் இழுப்பறையில்தான் கிடக்கிறது.
யாரும் திருப்பிக் கேட்கவில்லை,
எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.
தாளோடு தாளாக அதைப் படுக்கவைத்து எரியவிட்டேன்.

நாற்பத்தொன்று.
எனக்கு அழுத்தமான கை;
அடுத்த தாளிலும் அந்தப் பள்ளம் விழுந்திருந்தது,
அதற்கடுத்ததில் மங்கலாக.

தணிக்கைக்காரர்கள் வருவார்கள் என்கிறார்கள்.
எப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
மாதம் ஒருமுறை
பேட்டரியை மட்டும் மாற்றிவைக்கிறேன்,
என் காசில்.